மாநாடு நம்ம ஊரில், நாற்காலி யாருக்கு?

பொங்கல் முடிந்தால் போதும். கோவையில் மாநாட்டுச் சீசன் களை கட்டிவிடும்!

கல்லூரி வாசல்தோறும் பேனர். "தேசியக் கருத்தரங்கு", "சர்வதேச மாநாடு", "பயிலரங்கு" என்று விதவிதமான பெயர்கள். மார்ச் 31-க்குள் கணக்கு முடிக்கவேண்டும். வாங்கிய மானியத்தைச் செலவழித்துக் காட்டவேண்டும். பரீட்சை வேறு நெருங்கிவிடும். ஆகவே மூன்று மாதமும் ஒரே அமளி.

வியாபாரக் கூட்டங்களுக்குச் சீசனே கிடையாது. வருஷம் பூராவும் உண்டு. கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி, ஜூலையில் விவசாயக் கண்காட்சி, ஓட்டல்களில் தொழில் முனைவோர் சந்திப்பு. 2025 அக்டோபரில் புதுத் தொழில்களுக்கான உலக மாநாடு, அடுத்த மாதமே இயற்கை விவசாய மாநாடு. இரண்டும் கொடிசியாவில்தான் நடந்தன. முதல்-அமைச்சர் வந்தார், பிரதமர் வந்தார்.

ஊருக்குப் பெருமைதான். யார் இல்லை என்றது?

ஆனால் ஒரு கேள்வி. அவினாசி ரோட்டில் பஸ்சுக்குள் நின்றுகொண்டு, கார் வரிசையை வேடிக்கை பார்க்கிற நமக்கு அந்த மண்டபத்தில் ஒரு நாற்காலி உண்டா?

கணபதியிலும் ஆவாரம்பாளையத்திலும் பட்டறை வைத்திருப்பவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பவுண்டரியில் ஊற்றுகிற வார்ப்படத்தில் ஓட்டை விழுகிறது. பத்து உருப்படியில் இரண்டைக் கழித்துப் போட்டால் அந்த மாத லாபம் போச்சு. இதே ஓட்டையைப் பற்றி, இதே ஊரில், இரண்டு மைல் தள்ளி ஒரு கல்லூரியில், ஒரு பையன் இங்கிலீஷில் கட்டுரை வாசிக்கிறான். கேட்பவர்கள் யார்? அடுத்ததாக வாசிக்கக் காத்திருக்கும் இன்னும் பதினைந்து பையன்கள்! வாசித்ததும் சர்டிபிகேட், பை, மதியச் சாப்பாடு. முடிந்தது மாநாடு.

பட்டறைக்காரருக்குத் தகவலே தெரியாது. தெரிந்தாலும் பகல் 11 மணிக்குப் பட்டறையை விட்டுவிட்டுப் போகமுடியுமா? போனாலும் வாட்ச்மேன் உள்ளே விடுவாரா?

சித்ரா எப்படி வந்தது?

முன்பு இப்படி இல்லைங்க. ஒரு பழைய கதை சொல்கிறேன்.

அவினாசி ரோட்டில் "சித்ரா" என்று ஒரு ஸ்டாப் இருக்கிறது. தினமும் ஆயிரம் பேர் "சித்ரா ஒண்ணு" என்று டிக்கெட் வாங்குகிறோம். வெளியூர்க்காரர் ஏதோ சினிமாக் கொட்டகை என்று நினைப்பார். கொட்டகையும் இல்லை, பெண் பெயரும் இல்லை. தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் என்பதன் இங்கிலீஷ் பெயரைச் சுருக்கினால் வருவதுதான் "சித்ரா". 1956-ல் ஏற்பட்டது. மில்காரர்களும் மத்திய சர்க்காரும் கைகோத்து உண்டாக்கிய நிலையம். நூல் ஏன் அறுகிறது, பஞ்சு ஏன் வீணாகிறது என்று மில்லில் எழுந்த கேள்விகளுக்கு ஆராய்ச்சிக்காரர்கள் பதில் தேடினார்கள். வியாபாரியும் படித்தவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்ததால் நமக்கு ஒரு பஸ் ஸ்டாப்பே கிடைத்தது!

இன்னும் பழசு வேண்டுமா? 1912-ல் இங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் வந்தது. பார்பர் துரையும் டி.எஸ். வெங்கட்ராமனும் நல்ல கரும்பையும் காட்டு நாணல் கரும்பையும் கலந்து 1918-ல் "கோ 205" ரகத்தைக் கொடுத்தார்கள். அது விளைந்தது பஞ்சாப் வயல்களில். "கோ" என்றால் கோயம்புத்தூர். எந்தப் பேனரும் இல்லாமல் ஊர்ப் பெயர் வடக்கே போய்ச் சேர்ந்தது.

இன்றைக்கும் முன்மாதிரி இல்லாமல் இல்லை. வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் உழவர் தின விழா நடக்கிறது. வேட்டியை மடித்துக் கட்டிய விவசாயி, வாடிய இலையைக் கையில் கொண்டுவந்து விஞ்ஞானி முன்னால் நீட்டுகிறார். "இதுக்கு என்ன பண்றதுங்க?" என்று கேட்கிறார். தமிழில் பதில் கிடைக்கிறது. மற்றக் கல்லூரிகள் ஏன் இதைச் செய்யக்கூடாது?

2010 ஜூன் 23 முதல் 27 வரை உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஆய்வரங்கம் அறிஞர்களுக்கு, கண்காட்சி ஜனங்களுக்கு என்று இரண்டு பக்கமும் வாசல் திறந்தது. குழந்தை குட்டியோடு கூட்டம் அலைமோதியது. அப்போது அறிவித்த செம்மொழிப் பூங்காவைத் திறக்க 2025 நவம்பர் ஆகிவிட்டது என்பது தனிக் கதை. அதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்!

காலை ஏழு மணிக் கூட்டம்

வியாபாரச் சந்திப்புகள் வேறு மாதிரி. வாரம் ஒரு நாள் காலை ஏழு மணிக்கு ஓட்டலில் கூடுகிறார்கள். இட்லி, பொங்கல், காப்பி. ஒருவருக்கொருவர் விசிட்டிங் கார்டு. சில சங்கங்களில் ஒரு தொழிலுக்கு ஒருவர்தான் உறுப்பினர். பெயிண்ட் கடைக்காரர் ஒருவர் உள்ளே வந்துவிட்டால், அடுத்த பெயிண்ட் கடைக்காரருக்குக் கதவு சாத்தியாச்சு! வருஷச் சந்தா உண்டு. ஒருவருக்கொருவர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிறார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. பணம் போட்டவர் பலனைப் பார்க்கிறார்.

ஆனால் ஒப்பணக்காரத் தெருவில் ஆள் வைக்காமல் தானே ஷட்டர் தூக்குகிற சின்னக் கடைக்காரர் காலை ஏழு மணிக்கு எங்கே போவார்? அவருக்கு டீக்கடைதான் சங்கம். அங்கேயும் ஆர்டர் கிடைக்கத்தான் செய்கிறது. சந்தா இல்லை, டீக் காசு மட்டும்!

பணம் கட்டுமுன்...

இன்னொரு விஷயம். இது பெற்றோர்களுக்கு.

பையனோ பெண்ணோ வந்து, "சர்வதேச மாநாட்டில் என் கட்டுரையை எடுத்துக்கொண்டார்கள். ஏழாயிரம் ரூபாய் கட்டணும்" என்று சொன்னால் உடனே பீரோவைத் திறக்காதீர்கள். யார் நடத்துகிறார்கள், எந்தக் கல்லூரி, எந்த ஹால் என்று கேளுங்கள். காலையில் அனுப்பிய கட்டுரையை மாலையில் "ஏற்றோம்" என்றால் யாரும் படித்துப் பார்க்கவில்லை என்று அர்த்தம். ஒரே நாளில், ஒரே ஓட்டலில் மருத்துவம், பாலம் கட்டுதல், வணிகவியல் எல்லாம் நடக்கும் என்று போட்டிருந்தால் அது மாநாடு அல்ல, சந்தை.

சும்மா பயமுறுத்தவில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் என்ற நிறுவனம், சம்மதமே தராத பெரிய பேராசிரியர்களின் பெயரைப் போட்டு மாநாட்டுக்குப் பணம் வாங்கியது என்று அமெரிக்க சர்க்கார் வழக்குப் போட்டது. போலிப் பத்திரிகைக் குற்றச்சாட்டும் சேர்த்து, 2019-ல் அங்குள்ள கோர்ட்டு 5 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னது.

பிஎச்.டி.க்கு இரண்டு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தே தீரவேண்டும் என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக்குழு விதி வைத்திருந்தது. 2022 நவம்பரில் வந்த புது விதியில் அந்தக் கட்டாயம் இல்லை. பல்கலைக்கழகம் தனியாகக் கேட்டால் வேறு விஷயம். கட்டுவதற்கு முன் கைடிடம் ஒரு வார்த்தை கேட்டால் ஏழாயிரம் மிஞ்சும்.

ஒன்று கவனித்தீர்களா? இந்தப் போலி மாநாடுகள் பிழைப்பதே மூடிய கதவுக்குள்தான். பத்துப் பட்டறைக்காரரும், நாலு குமாஸ்தாவும், இரண்டு விவசாயியும் முன் வரிசையில் உட்கார்ந்து, "இதனால் எனக்கு என்னங்க பிரயோஜனம்?" என்று கேட்டால் வெறும் கட்டுரை அரை மணி நேரம்கூடத் தாங்காது. நல்ல கட்டுரைக்கோ அங்கேயே ஒரு கிராக்கி பிறக்கும்!

கல்லூரிக்காரர்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. இரண்டு நாள் மாநாடு என்றால் அதில் ஒரு மாலை, ஆறரை மணிக்கு மேல், ஒன்றரை மணி நேரம் ஊருக்கு விடுங்கள். தமிழில் பேசுங்கள். கட்டணம் வேண்டாம். பையும் வேண்டாம், சாப்பாடும் வேண்டாம்.

அடுத்த மாதம் எந்தக் கல்லூரியில், எந்தத் தேதியில், எதைப் பற்றிக் கூட்டம் என்று ஒரு தாள் அச்சடித்துக் காந்திபுரம் பஸ் நிலையத்திலும் உக்கடத்திலும் குறிச்சி சிட்கோ வாசலிலும் ஒட்டுங்கள். பஸ் வருகிற வரைக்கும் நின்றுகொண்டுதானே இருக்கிறோம், படித்துவிடுவோம்.