முட்டுக்கட்டை

"நீ வந்தாலே ஆட்டம் கெட்டுப்போகுதுடா, முட்டுக்கட்டை!"

எங்கள் சின்னவனைத் தெருப் பிள்ளைகள் இப்படிச் சொல்லித் துரத்தியதை, திண்ணையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் என் காதாலேயே கேட்டேன். மூன்றாம் வகுப்பு படிக்கிறான். வீட்டில் கடைக்குட்டி. தோற்றால் கேரம் போர்டைக் கவிழ்ப்பான். அவுட் ஆனால் 'ஆகவே இல்லை' என்று சாதிப்பான். தப்பு அவன் பேரில்தான். இருந்தாலும் பெற்ற வயிறு கேட்குமா? அழுதுகொண்டு வந்தவன் கையில் செல்போனைக் கொடுத்து உட்கார வைத்தேன். நாலைந்து நாள் வீடு அமைதியாக இருந்தது. எனக்கும் அடுப்படி வேலை சீக்கிரம் முடிந்தது.

என் மாமியார்தான் பிடித்துக்கொண்டார். "புள்ள சத்தமில்லாம இருக்கான்னு சந்தோஷப்படாத. தெருவுல நாலு பேரோட சண்டை போட்டாத்தான் நாலு பேரோட வாழத் தெரியும்" என்றார். அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு யோசித்தேன்.

நாம் பிள்ளைகளுக்கு ஏற்பாடு செய்கிற விளையாட்டுகளைப் பாருங்கள். பிறந்த நாள் என்றாலும் பள்ளி விழா என்றாலும் மியூசிக்கல் சேர்! முதல் சுற்றிலேயே வெளியே போகிற பிள்ளை எது? கூச்சப்படுகிறது, தள்ளத் தெரியாதது, இல்லையென்றால் எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி முரண்டு பிடிக்கிறது. கூடி விளையாடப் பழக வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் ஓரமாக உட்கார்ந்திருக்கும். போட்டி விளையாட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை. நம்ம கபடியில் அவுட் ஆனவன்கூட, தன் கட்சி எதிராளியை அவுட்டாக்கினால் திரும்ப உள்ளே வரலாம். நம் முன்னோர் கெட்டிக்காரர்கள்.

கனடா நாட்டில் டெர்ரி ஆர்லிக் என்பவர் 1978-ல் கூட்டு விளையாட்டுகளைப் பற்றியே ஒரு புத்தகம் போட்டார். அதில் மியூசிக்கல் சேரையே மாற்றியிருக்கிறார். பாட்டு நின்றதும் நாற்காலியைத்தான் எடுக்க வேண்டும், பிள்ளையை வெளியே அனுப்பக் கூடாது. மிச்சமுள்ள நாற்காலிகளில் எல்லோரும் இடம் பண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். எங்கள் கூடத்தில் ஏழு பிள்ளைகளை வைத்து நடத்தினேன். கடைசியில் ஒரே ஒரு பெஞ்சில் ஏழு பேரும் மடிமேல் மடியாக! ஒரே சிரிப்பு. (பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் வேண்டாம், கால் விரிந்துவிடும்.)

ஆனால் சின்னவனை மாற்றியது இதுவல்ல, போன கார்த்திகை தீபத் திருவிழா.

எங்கள் ஊர்த் திருவிழாவில் ஏழாம் நாள் ஐந்து தேர் ஓடும். அம்மன் தேரைப் பெண்களே இழுப்போம். சண்டிகேசுவரர் தேர் சிறுவர்களுடையது. இவனையும் கையைப் பிடித்து அழைத்துப்போய் வடம் பிடிக்க வைத்தேன். அதில் யார் ஜெயித்தார், யார் தோற்றார்? ஒருத்தன் தனியாக இழுத்தால் நகராது, அவ்வளவுதான். பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சிறுதேர்ப் பருவம் என்று கடைசிப் பருவத்தை வைத்திருக்கிறார்களே, தேர் இழுக்கிற ஆசை நேற்றைக்கு வந்ததா என்ன!

மறுநாளே தெருவில் தேர் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்று அட்டைப் பெட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக, பழைய ரப்பர் செருப்பை வட்டமாக வெட்டிச் சக்கரம், புடவைக் கரையில் வடம், உள்ளே களிமண் சாமி. இவன் எங்கள் வீட்டு வாசற்படியிலேயே நின்றான். போய்ச் சிபாரிசு செய்யலாமா என்று எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்லவேளை, எழுந்திருக்கவில்லை. எதிர்வீட்டுப் பெண், ஐந்தாம் வகுப்பு, அவளே கூப்பிட்டாள்: "டேய், தேருக்குக் கட்டை போட ஆள் இல்ல, வரியா?"

பெரிய தேரில் முட்டுக்கட்டை போடுவது சாமானிய வேலையா? தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அவர்கள் கையில்தானே இருக்கிறது! இவன் செங்கல் துண்டோடு ஓடினான். முனை திரும்பும்போது சொல்லாமல் கொள்ளாமல் செருகிவிட்டான். தேர் சாய்ந்தது, சாமி உடைந்தது. போச்சு, மறுபடியும் துரத்தப்போகிறார்கள் என்று நினைத்தேன். கூச்சல் போட்டார்கள், ஆனால் துரத்தவில்லை. கட்டைக்கு வேறு ஆள் கிடையாதே! இவன் உள்ளே ஓடி, "ஆயா, மஞ்சத்தூள் குடு" என்று வாங்கி, தானே பிள்ளையார் பிடித்துக்கொண்டு போனான். அதற்கப்புறம் கட்டை போடும் முன் "கட்டை!" என்று கத்துவது, வடம் பிடிப்பவர்கள் "விடு!" என்றால்தான் எடுப்பது என்று அவர்களே சட்டம் போட்டுக்கொண்டார்கள். நான் நூறு தரம் சொல்லியும் ஏறாதது!

பச்சைக் குழந்தைகள் தனியாகவும், பிறகு பக்கத்தில் பக்கத்தில் ஒட்டாமலும் விளையாடி, வளர வளரத்தான் ஒரே காரியத்துக்காகக் கூடுகின்றன என்று மில்ட்ரட் பார்ட்டன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1932-லேயே எழுதியிருக்கிறார். கூடத் தெரிந்தாலும் பழக்கம் வேண்டாமா? ஆரம்பப் பள்ளி வயதில் அந்தப் பழக்கத்துக்கு இடம் கொடுக்க வேண்டியது நம் பொறுப்பு.

தேர்தான் வேண்டும் என்றில்லை. பழைய போர்வையின் ஓரத்தை ஆறேழு பேர் பிடித்து, நடுவில் ரப்பர் பந்தைப் போட்டு, கீழே விழாமல் தூக்கிப் போட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். மார்கழியில் ஒரே கோலத்தை நாலு பேராகச் சேர்ந்து போடச் சொல்லுங்கள். ஆளுக்கொரு வேலை இருக்க வேண்டும், அந்த வேலை இல்லாமல் ஆட்டம் நடக்கக் கூடாது. அதுதான் முக்கியம். சண்டை வந்தால் உடனே ஓடாதீர்கள். அடிதடி என்றால் மட்டும் போங்கள்.

கேரம் போர்டில் இன்னமும் சண்டைதான், அதை மறைக்க மாட்டேன். அட்டைத் தேர் எங்கள் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது, கரப்பான்பூச்சி குடும்பம் நடத்துகிறது. எறியலாம் என்றால், "அடுத்த கார்த்திகைக்கு வேணும் அத்தை" என்று தெருவே வந்து நிற்கிறது.