பேய்க்கும் தொண்டை வலிக்கும்

ஃப்ளோரிடாவின் யுனிவர்சல் பூங்காவில், ஹாலோவீன் சீசனில் போடும் பேய் வீடுகளுக்கு இரண்டு நடிகர் குழுக்கள். ஒன்று அலறும்போது மற்றொன்று ஓய்வெடுக்கும். இதை வீண் செலவு என்பவர்களைக் கேட்கிறேன்: ஒரே தொண்டை ஒரு ராத்திரியில் எத்தனை நூறு தடவை அலறும்?

மென்பொருள்காரனாகச் சொல்கிறேன். ஓய்வை மீற முடியாத நிபந்தனையாக எழுதி வைக்காவிட்டால், ஷிஃப்ட் போடும் நிரல் அதைக் காலி நேரம் என்றுதான் எண்ணும்; நிரப்பப் பார்க்கும்.

சட்டம் காப்பாற்றுமா? ஆண்டில் ஏழு மாதத்துக்கு மேல் இயங்காத கேளிக்கை இடங்களுக்குக் குறைந்தபட்சக் கூலி, ஓவர்டைம் இரண்டிலிருந்துமே விலக்கு தருகிறது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம். அக்டோபரில் மட்டும் திறக்கும் பேய் வீட்டுக்கு இது போதாதா? சீசன் தற்காலிகம், சரி. உடம்புமா தற்காலிகம்?