மூளைக் கட்டியும் கதிர்ச் சிகிச்சையும்

"கட்டியைச் சத்திரசிகிச்சையால் அகற்றிய பின்னர் கதிர்ச் சிகிச்சை எதற்கு?" என வினவுவோர் பலர். கதிர்ச் சிகிச்சையின் பின்னும் நோய் மீளுமாயின், "பட்ட துன்பமெல்லாம் வீண்தானே" என மனங்கசப்போரும் உளர். இவ்விருவருக்கும் உரிய விடை அந்நோயின் இயல்பிலேயே அடங்கியுள்ளது.

மூளையில் தோன்றும் கட்டிகளுள் மிகக் கொடியவற்றுள் ஒன்று கிளியோபிளாஸ்டோமா. இதற்குத் தெளிவான எல்லை கிடையாது. நிலத்தின் அடியிற் பரவும் கோரைக் கிழங்கைப் போல, இதன் கலங்கள் கண்ணுக்குப் புலப்படாது நல்ல மூளைக்குள் ஊடுருவி நிற்கும். 1928ஆம் ஆண்டில் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர் வால்டர் டாண்டி, இவ்வினக் கட்டியுடைய சிலரது பெருமூளையின் வலப்பாதி முழுவதையும் அகற்றிய செய்தியை வெளியிட்டார். அப்படியும் நோய் மீண்டது.

கத்தி எட்டாத இடத்தைக் கதிர் எட்டுகின்றது. அது கலங்களின் மரபுப் பொருளைச் சிதைக்கும். நல்ல கலங்கள் அச்சிதைவைப் பெரும்பாலும் திருத்திக்கொள்ளும். கட்டியின் கலங்களுக்கு அவ்வல்லமை குறைவு. ஆதலின், 60 கிரே அளவான கதிரை ஒரே நாளிற் செலுத்தாது, 30 பங்காக்கி ஆறு வாரங்களிற் செலுத்துவது பெருவழக்கு. 1978இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், சத்திரசிகிச்சையின் பின் கதிர் பெறாதவர்களின் இடைநிலை ஆயுள் 14 வாரம். கதிர் பெற்றவர்களுக்கோ 35 வாரம். 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில், கதிருடன் தெமொசொலமைட் என்னும் மருந்தும் சேர்ந்தபோது, ஈராண்டு கடந்து வாழ்ந்தோர் தொகை நூற்றுக்குப் 10இலிருந்து 26 ஆக உயர்ந்தது.

எனினும், தப்பிய கலங்கள் சில எஞ்சும். பெரும்பாலும் பழைய இடத்தின் அருகிலேயே நோய் மீள்கின்றது. ஆகவே கதிர் இந்நோயை வேரறுப்பது அரிது. அதன் மீள்வருகையைப் பின்தள்ளுவதே அதன் பயன்.

குடும்பத்தார் நினைவிற் கொள்ளவேண்டியது இன்னொன்றுண்டு. கதிர்ச் சிகிச்சை முடிந்த முதல் மூன்று மாதங்களில் எடுக்கும் எம்.ஆர்.ஐ. படத்தில், கட்டி பெருத்தது போலத் தோன்றலாம். சிலரில் அது கதிரினால் உண்டான வீக்கமேயாகும். நாளடைவில் தானே தணியும். எனவே, "சில வாரம் பொறுத்து மீண்டும் படம் எடுப்போம்" என வைத்தியர் கூறுவாராயின், அதனை அசட்டை எனக் கொள்ளல் ஆகாது.

"நோய் மாறுமா?" என்பதோடு குடும்பத்தார் அமைந்துவிடலாகாது. கிடைக்குங் காலம் எத்தகையது, களைப்பும் மறதியும் எவ்வளவு நேரும், நோயாளி தம்மவரோடு தெளிவாக உரையாடும் நாள்கள் எவை என்பனவற்றையும் வைத்தியரிடம் வினவல் வேண்டும். பின்தள்ளப்பட்ட ஒவ்வொரு மாதமும் அந்த இல்லத்துக்குப் பெருஞ் செல்வமாம்.