இசைவுக்கும் இரவலா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வண்டிக்குப் பேருந்து என்று பெயர் வந்தது. அதில் சீட்டுத் தருபவர் நடத்துநர் ஆனார். ஆயினும் அவ்வண்டியை நகர்த்தும் குரல் இன்றும் 'ரைட்டு' என்றே ஒலிக்கின்றது. இறங்கி ஊருக்குள் நடந்தால் 'ஓக்கே'! கணக்கு ஒத்து வந்தாலும் 'ஓக்கே'. பெண் கேட்டு வந்தார்க்கும் 'ஓக்கே'!

இவ் 'ஓக்கே' யாது? 'ஆல் கரெக்ட்டு' என்னும் ஆங்கிலத் தொடரை வேண்டுமென்றே பிழைபட எழுதி, அப்பிழையின் முதலெழுத்துகளைச் சேர்த்து நகையாடிய விளையாட்டே அது. 1839 மார்ச்சு 23 இல் அமெரிக்காவின் பாசுட்டன் நகரச் செய்தித்தாளொன்றில் அச்சேறிற்று. 1840 ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் தேர்தலில் வான் பியூரன் சார்பினர் அதை முழக்கமாக்கவே, நாடெங்கும் பரவிற்று. பிழையாய்ப் பிறந்த ஒன்றைப் 'பிழையில்லை' என்று சொல்வதற்குத் தமிழர் கடன் வாங்கியுள்ளனர்!

தமிழில் சொல்லில்லையா? உண்மையை ஏற்க 'ஆம்'. வேண்டுகோளுக்கு இசைய 'ஆகட்டும்'. ஏவலை ஏற்க 'அவ்வாறே'. பாராட்டி உடன்பட 'நன்று'. ஒத்திருப்பதைக் கூற 'சரி'. இச் 'சரி'யைத் தெலுங்கரும் கன்னடரும் மலையாளிகளும் தத்தம் ஒலிப்பில் ஆள்கின்றனர். விடையை எட்டாக வகுத்த நன்னூல், உடன்படும் விடைக்கு 'நேர்' என்றே பெயரிட்டது. வண்டி நகர்வதற்குப் 'போகலாம்' என்னும் ஒரு சொல் போதாதா?

'உலகமே சொல்லும் சொல்லைத் தமிழர் மட்டும் தள்ளுவதோ?' என்பார் உளர். இல்லாத பொருளுக்குப் பெயர் தேடுவது வேறு. இருக்கும் சொல்லை வீட்டைவிட்டுத் துரத்துவது வேறு. ஐந்து சொற்கள் உணர்த்திய ஐவகை நுண்பொருளை இவ்வொற்றைச் சொல் விழுங்குகின்றது. இது வளர்ச்சியன்று, தேய்வு.

இக்கேடு எம்மண்ணில் நிகழ்கின்றது? பெருஞ்சித்திரனார் 1959 இல் 'தென்மொழி'யைத் தொடங்கிய கடலூரில். பாவாணர் சொல்லின் வேர் அகழ்ந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகம் நிற்கும் சிதம்பரத்தில்! 1965 சனவரி 27 இல், இந்தித் திணிப்பை எதிர்த்த அப்பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் காவலர் குண்டுக்கு உயிரீந்ததும் அங்கேதான். திணித்த மொழியை உயிர் கொடுத்து மறுத்த மண், திணிக்காத மொழிக்குத் தானே வாயைத் திறந்து கொடுப்பதா?

தமிழரே! மறுப்பதற்குத் தமிழ், இசைவதற்கு ஆங்கிலம் என்னும் இழிநிலை ஒழிக! இசைவென்பது உள்ளத்தின் ஒப்புதல். உள்ளம் தமிழாயின், வாய் 'ஆம்' என்க, 'சரி' என்க!