ஓட்டுக்கூரையா, கான்கிரீட் தளமா?

குளிர் நாடுகளில் குடியேறிய நம்மவர் பழைய வீட்டைப் புதுப்பிக்கும்போது, வெந்நீர்க் குழாயைத் தரையினடியில் பதிப்பதா, சுவரோரம் ரேடியேட்டர் வைப்பதா என்று ஆலோசிப்பர். லண்டனுக்கருகே வாழும் என் சிற்றப்பா மகன் இதுபற்றி எனக்கு எழுதியிருந்தான். அவனுக்கு வெப்பத்தை வீட்டுக்குள் வரவழைக்கும் கவலை. திருவனந்தபுரத்தில் வாழும் நமக்கோ, வந்த வெப்பத்தை வெளியேற்றும் கவலை. ஆகவே நமது கேள்வி தரையைப் பற்றியதன்று, கூரையைப் பற்றியது.

சாலைக் கடைத்தெருவுக்குப் பின்புறம் என் பாட்டனார் வாங்கிய ஓட்டு வீடு சென்ற மழைக்காலத்தில் மூன்று இடங்களில் ஒழுகிற்று. உத்திரம் ஒன்றைக் கரையான் அரித்துவிட்டது. "எல்லாவற்றையும் பிரித்துவிட்டுக் கான்கிரீட் போடுங்கள்" என்றார் கண்டிராக்டர். துணி உலர்த்தவும் வற்றல் காயவைக்கவும் மாடி கிடைக்குமே என்று என் மனைவி மகிழ்ந்தாள். என் தாயார் மட்டும், "நான் எங்கேயடா படுப்பேன்?" என்று கேட்டார். பங்குனி மாதத்தில் என் தமக்கையின் கான்கிரீட் வீட்டில் பத்து நாள் தங்கி, இரவெல்லாம் உறக்கமின்றித் திரும்பியவர் அவர்.

அவர் கேட்டதில் நியாயம் உண்டு. கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலை உட்கொண்டு, நாம் படுக்கும் நேரத்தில் அவ்வெப்பத்தைக் கீழே இறக்குகிறது. ஓடோ மெல்லியது, பொழுது சாய்ந்ததும் விரைவில் ஆறிவிடும். மேலெழும் வெப்பக் காற்றும் ஓடுகளின் இடுக்கு வழியே வெளியேறும். மங்களூரில் பாசல் மிஷனார் 1865-இல் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய பின், இக்கடற்கரை நாடெங்கும் அவ்வோடு பரவியதன் காரணம் அழகு மட்டுமன்று.

ஓட்டை அகற்றிக் கான்கிரீட் போட்டவர்களில் பலர், ஒழுக்குக்கும் வெயிலுக்கும் அஞ்சித் தளத்தின்மேல் மறுபடியும் தகரக் கூரை அமைப்பதை நம் தெருக்களிலேயே காணலாம். ஒரு வீட்டுக்கு இரு கூரைச் செலவு!

இதற்கு நடுவழி ஒன்றும் உண்டு. தம்பானூரில் நான் வேலைக்குச் செல்லும் வழியில், சுருள் வடிவில் சிவந்து நிற்கும் இந்தியன் காப்பி ஹவுஸை அன்பர்கள் அறிவீர்கள். அதை வடிவமைத்தவர், 1917-இல் பர்மிங்காமில் பிறந்து, இந்நகரையே தம் ஊராக்கிக்கொண்டு 2007-இல் இங்கேயே மறைந்த லாரி பேக்கர். கான்கிரீட் தளத்தின் கீழ்ப்பாகத்தில், இரும்புக் கம்பிகளுக்கிடையே, பழைய மங்களூர் ஓடுகளைப் பதித்து வார்க்கும் முறையை அவர் பெரிதும் கையாண்டார். தளத்தின் அடிப்பாகத்தில் பாரத்தின் இழுவையைத் தாங்குவது கம்பியே. ஆதலின் அங்குள்ள கான்கிரீட்டில் ஒரு பகுதியை ஓட்டினால் நிரப்பலாம். சிமெண்டுச் செலவு குறையும். இரண்டிரண்டாகக் கவிழ்த்து வைத்த ஓடுகளிடையே அடைபட்ட காற்று, வெப்பம் இறங்குவதைத் தணிக்கும். ஆயினும் கம்பியின் அளவையும் இடைவெளியையும் பொறியாளர் கணக்கிட்டே தரவேண்டும்.

எங்கள் வீட்டில் முடிவு இதுதான்: கூடத்துக்கும் தாயாரின் அறைக்கும் ஓடே நிலைக்கும், அரித்த உத்திரத்தை ஆசாரி மாற்றுவார். பின்கட்டுக்கு மட்டும் மிஞ்சிய ஓடுகளைப் பதித்த தளம். வற்றலுக்கு அங்கே இடம் உண்டு. இடவப்பாதி மழைக்குள் வேலை முடியவேண்டும்.

வீட்டைப் புதுப்பிக்கும் அன்பர்களே! கண்டிராக்டரின் கணக்கைப் பார்க்குமுன், அக்கூரையின்கீழ் இரவில் உறங்கப்போவது யார் என்று பாருங்கள்.