நம் விடுதிப் பாட்டை யார் பதிவு செய்வது?

1996-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் படித்த தெற்காசிய மாணவர்கள் ‘பென் மசாலா’ என்ற பாட்டுக்குழுவைத் தொடங்கினார்கள. வாத்தியம் கிடையாது, தாளம்கூட வாயால்தான். இப்படிப் பாடுவதை அக்கபெல்லா என்கிறார்கள். 2009-ல் வெள்ளை மாளிகை தீபாவளி விழாவில் ஒபாமா முன்னிலையில் பாடினார்கள். 2015-ல் ‘பிட்ச் பெர்ஃபெக்ட் 2’ படத்தில் தோன்றினார்கள். மாணவர்கள் படிப்பை முடித்துப் போய்க்கொண்டே இருக்கிறார்கள், குழு மட்டும் நிற்கிறது. ஆல்பமாக, படமாக, வீடியோவாக எல்லாம் பதிவாகி இருப்பதும் அதற்கு ஒரு காரணம்.

அவர்கள் மேல் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அந்த வீடியோக்களைப் பார்த்தால் எங்கள் விடுதிதான் ஞாபகம் வரும்.

எம்.ஏ. சமூகவியல் படித்தபோது ஆதிதிராவிடர் நல விடுதியில் இருந்தேன். கரண்ட் போனால் மொட்டை மாடிக்குப் போய்விடுவோம். ஒருவன் கானா எடுப்பான். இன்னொருவன் வாயாலேயே பறை அடி போடுவான். மற்றவர்கள் கைதட்டுவோம். அம்பேத்கர் பாட்டு வரும், ஒப்பாரி மெட்டு வரும். திருத்தணிப் பக்கத்துப் பையன்கள் பாடினால் நடுவில் தெலுங்கும் வரும். அதுவும் அக்கபெல்லாதான், அந்தப் பெயர்தான் எங்களுக்குத் தெரியாது.

இன்று அதற்கு ஒரு படம் இல்லை, ஒரு நிமிட ஒலிகூட இல்லை. கையில் போன் இல்லாமலில்லை. ‘இதையெல்லாம் எதுக்குடா எடுக்கணும்’ என்று நாங்களே நினைத்தோம். எது கலை, எது வெறும் கூச்சல் என்று சாதி நமக்குச் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

பதிவு இல்லையென்றால் என்ன ஆகும்? நம் மெட்டு சினிமாவுக்குப் போகும், பாடியவர் பெயர் போகாது. ‘நாட்டுப்புறப் பாடல்’ என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். 2018 ஜனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ மேடையேறியபோது கானா பாடியவர்களின் பெயரும் முகமும் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன் சாவு வீடுகளில் விடிய விடியப் பாடிய எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

போன பொங்கலுக்கு அம்மையார்குப்பத்தில், எங்கள் காலனியில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் பாடுவதைப் பதிவு செய்யப் போனேன். விசைத்தறிச் சத்தம் விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்தோம். நான் கேட்காமலே கேமராவைத் தூக்கிவிட்டேன். முதலாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண் பாட்டை நிறுத்தினாள். “குரல் மட்டும் எடுத்துக்கோங்கண்ணா, மூஞ்சி வேணாம். நான் எந்தத் தெருன்னு கிளாஸ்ல யாருக்கும் தெரியாது.”

வெட்கமாகப் போனது. தட்டுகிற கைகளை மட்டும் படமெடுத்தேன்.

நம்முடைய பதிவு பென் மசாலாவின் பதிவைப்போல இருக்க முடியாது. அவர்களுக்கு முகம் விளம்பரம். நமக்குச் சில நேரம் அதுவே ஆபத்து. அதனால் முதலில் கேளுங்கள். பெயர் போடலாமா, முகம் காட்டலாமா, யாருக்கெல்லாம் அனுப்பலாம் என்று பாடுபவர்தான் சொல்ல வேண்டும். ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே ஊர், தேதி, பாட்டை யாரிடம் கற்றார்கள் என்பதைப் பேசவையுங்கள். பாடுபவரை மட்டுமல்ல, சுற்றி உட்கார்ந்திருப்பவர்களையும் எடுங்கள். ஒரு பிரதி பாடியவர் கையில் இருக்கட்டும். போன் தொலைந்தால் எல்லாம் போய்விடும், இன்னும் இரண்டு இடத்தில் சேமியுங்கள்.

தோழர்களே, இன்று இரவும் ஏதோ ஒரு விடுதி மாடியில் யாரோ பாடுவார்கள். அனுமதி கேட்டுவிட்டு பட்டனை அழுத்துங்கள். அந்தப் பெண் தன் பெயரையும் போடச் சொல்லும் நாள் வரும்வரை அவள் குரலாவது பத்திரமாக இருக்கட்டும்.

ஜெய் பீம்.