விதையை அப்புறம் கேளுங்க, முதல்ல சமையலைக் கேளுங்க

நகரத்துல இருக்கற நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி கேக்கற கேள்வி இது: "நாட்டுக் காயெல்லாம் ஏன் இப்பக் கிடைக்கறதில்ல? அந்த விதைங்களைக் காப்பாத்த வேண்டியது விவசாயிங்க பொறுப்பு இல்லியா?" நல்லெண்ணத்துலதான் கேக்கறாங்க. ஆனா பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. இன்னிக்கு நான் திருப்பிக் கேக்கறேன்.

கொல்லையில தம்பட்டை அவரை போடறேன்னு வெச்சுக்குங்க. ஒரு சாணுக்கு மேல நீளமா, பட்டை பட்டையாக் காய் தொங்குது. வாங்கிட்டுப் போயி என்ன பண்ணுவீங்க?

இதைக் கேட்டா பெரும்பாலும் எதிர்முனையில சத்தமே வராது. எந்தப் பருவத்துல பறிக்கணும், நாரை எப்படி உரிக்கணும், வெந்த தண்ணியை வடிக்கணுமா வேணாமா, தேங்காய் போட்டுப் பொரியலா, பருப்பு போட்டுக் கூட்டா? ஒண்ணும் தெரியாது. தெரியாத காயை ஒருத்தர் ஒரு தடவை ஆசைக்கு வாங்குவார். ரெண்டாவது தடவை வாங்க மாட்டார். அந்த ரெண்டாவது தடவைதான் எங்க பிழைப்பு.

தாராசுரம்னா உங்களுக்கு ஐராவதேசுவரர் கோயில். இரண்டாம் ராஜராஜன் 12-ம் நூற்றாண்டுல கட்டினது, 2004-லேர்ந்து யுனெஸ்கோ பட்டியல்ல இருக்கு, சந்தோஷம். எங்களுக்குத் தாராசுரம்னா காய்கறி மார்க்கெட்டும்தான். கும்பகோணத்துக்கும் சுத்துப்பட்டு ஊர்களுக்கும் இங்கேர்ந்துதான் மொத்தக் காய் போகுது. விடிகாலையில வந்து பாருங்க. கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்குன்னு வெளியூர் லாரியில வந்து இறங்கற மூட்டைங்க ஒரு பக்கம் மலையாக் குமிஞ்சு கிடக்கும். நாலு மைல் தூரத்துல விளைஞ்ச கொத்தவரையை வாங்க ஆள் தேடணும்.

அதே மார்க்கெட்டுக்கு அமாவாசைக்கு முதல் நாள் வாங்க. வாழைக்காய், பூசணி, புடலை, அவரை, கொத்தவரை, சேனை எல்லாத்துக்கும் திடீர்னு மரியாதை வந்துடும். ஆடி அமாவாசை, மகாளய அமாவாசை, தை அமாவாசைன்னா கேக்கவே வேணாம். முன்னோருக்குப் படைக்கற அன்னிக்குப் பல வீடுகள்ல இங்கிலீஷ் காய் அடுப்பேறாது. பொங்கலும் அப்படித்தான். பரங்கி, மொச்சை, அவரை, சேனை, வள்ளிக்கிழங்கு, சர்க்கரைவள்ளின்னு ஒத்தைப்படையில காய் எண்ணிப் போட்டுக் குழம்பு வைக்கற வழக்கம் இங்க இன்னும் இருக்கு. அந்த மூணு நாலு நாளுக்குக் கிழங்குக்கு ஒரு விலை. மாட்டுப் பொங்கல் போன மறு வாரம் அதே கிழங்கைச் சீந்த நாதி இருக்காது.

இதுலேர்ந்து எனக்குப் புரியறது ஒண்ணுதான். இந்தக் காய்ங்களைக் காப்பாத்தினது விதை வங்கியும் இல்ல, விவசாயியோட கடமை உணர்ச்சியும் இல்ல. "இன்னிக்கு இந்தக் காய்தான், இப்படித்தான் பண்ணணும்"னு சொல்றதுக்கு வீட்டுல ஒரு பெரியவங்க இருந்தாங்க. அவங்க சொல்ற நாள்ல காய்க்கு விலை இருக்கு, மத்த நாள்ல இல்ல. அவங்க போயிட்டா, அந்த அமாவாசைக் கிராக்கியும் போயிடும். கிராக்கி போனா நான் விதைக்க மாட்டேன். காய்கறி விதையை டப்பாவுல பூட்டி வெச்சுக் காப்பாத்த முடியாதுங்க. சில வருஷம் போடாம விட்டா முளைப்புத் திறன் போயிடும். போட்டு எடுத்தாத்தான் விதை.

பாரம்பரிய நெல்லைப் பாருங்க. 2006-லேர்ந்து திருத்துறைப்பூண்டி பக்கம் ஆதிரெங்கத்துல நெல் ஜெயராமன் நெல் திருவிழா நடத்தினார். நம்மாழ்வார் காட்டின வழியில 170-க்கும் மேற்பட்ட ரகங்களைத் தேடித் திரட்டினார். 2018-ல அவர் போயிட்டார். அவரால இன்னிக்கும் மாப்பிள்ளைச் சம்பா பேரு எல்லாருக்கும் தெரியுது. ஆனா எத்தனை வீட்டுல அது ரெண்டாவது பை வாங்கப்பட்டுது? பொன்னி மாதிரி கழுவிக் குக்கர்ல போட்டு, வேகலன்னு குறை சொல்லி, மூட்டையோட மூலையில வெச்சவங்களை எனக்குத் தெரியும். ராத்திரியே ஊறப் போடணும், கஞ்சிக்கும் பழைய சோத்துக்கும் அது எப்படி எடுபடும்னு அவங்க வீட்டு அப்பாயிக்குத் தெரிஞ்சிருக்கும். யாரும் கேக்கல.

கத்தரிக்காய் கதை இன்னும் நல்ல உதாரணம். 2010 பிப்ரவரியில மத்திய அரசு பி.டி. கத்தரிக்காயை நிறுத்தி வெச்சுது. அதுக்கு முன்னால நாடு முழுக்க எவ்வளவு பேச்சு! நம்ம நாட்டுக் கத்தரிக்காய்க்காக நகரத்து ஜனங்களும் சேர்ந்து குரல் கொடுத்தாங்க. சரியாத்தான் செஞ்சாங்க. ஆனா அப்பக் குரல் கொடுத்தவங்கள்ல எத்தனை பேருக்கு ரசவாங்கி வைக்கத் தெரியும்? சிதம்பரம் கொத்சுக்குக் கத்தரிக்காயை எந்த அளவுக்கு மசிக்கணும்னு எத்தனை பேருக்குத் தெரியும்? எல்லாக் கத்தரிக்காயையும் சாம்பார்லயே போட்டா, சாம்பாருக்குத் தோதான ஒரே ஒரு கலப்பினக் காய் போதுமே. இருபது ரகம் எதுக்கு? எண்ணெய்க் கத்தரிக்காய்க்கு ஒண்ணு, சுட்டுப் பிசைய ஒண்ணு, வத்தல் போட ஒண்ணுன்னு பிரிச்சு வாங்கத் தெரிஞ்சவங்க இருந்ததாலதான் இத்தனை ரகம் நின்னுது.

இப்ப ஒருத்தர் சொல்லுவார், "அதான் புத்தகம் இருக்கே, யூடியூப் இருக்கே"ன்னு.

இருக்கு. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-லயே 'சமைத்துப் பார்' போட்டாங்க. சொந்தபந்தம் அவங்ககிட்டச் சமையல் கேட்டுக்கிட்டே இருந்ததுலதான் அந்தப் புத்தகமே பிறந்துது. தலைமுறை தலைமுறையாக் குடும்பங்களுக்குச் சோறு போட்ட புத்தகம் அது, குறை சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனா தலைப்பைக் கவனிங்க, 'படித்துப் பார்'னு அவங்க வைக்கல. வில்லேஜ் குக்கிங் சேனலைச் சந்தா போட்டுப் பார்க்கறவங்க ஒரு கோடிக்கு மேல. நானும் பார்க்கறேன், ரசிக்கிறேன். ஆனா பார்க்கறதால காய் விக்காது.

எழுத்துலயும் வீடியோவுலயும் வராத விஷயம் எது தெரியுமா? "எலுமிச்சம்பழ அளவு புளி"ன்னு எழுதிடலாம். புதுப்புளியும் பழம்புளியும் ஒரே அளவு எடுத்தா ஒரே ருசி வராது. கருணைக்கிழங்கு மசியல்னு தலைப்புப் போடலாம். தோண்டி எடுத்த புதுக்கிழங்கு நாக்கு அரிக்கும், கொஞ்ச நாள் காத்தாடப் போட்டு வெச்சதை எடுக்கணும், அரிசி களைஞ்ச தண்ணியில வேக வைக்கணும், புளி தாராளமா விடணும். இதைச் சொல்றவங்க பக்கத்துல இருக்கணும், கிழங்கும் கையில இருக்கணும். வாழைப்பூவுல ஒவ்வொரு பூவாப் பிரிச்சுக் கள்ளனை எடுத்து மோர்த்தண்ணியில போடறது, வாழைத்தண்டை வட்டமா நறுக்கறப்பவே நாரை விரல்ல சுத்திச் சுத்தி இழுக்கறது, உசிலிக்குப் பருப்பைக் கொரகொரன்னு அரைச்சு ஆவியில வேக வெச்சு உதுக்கறப்ப எந்த ஈரத்துல நிறுத்தணும்ங்கறது எல்லாமே கை கத்துக்க வேண்டிய பாடம். பக்கத்துல நின்னு நாலு தடவை கெடுத்தாத்தான் அஞ்சாவது தடவை வரும்.

இதுக்குத்தான் ஊர்ல ஒரு சாக்கு வெச்சிருக்கோம்: "எங்கம்மா கைப்பக்குவம் யாருக்கும் வராது." கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா இது பாராட்டு மாதிரி வேஷம் போட்ட சோம்பேறித்தனம். கைப்பக்குவம் யாருக்கும் வரமா வந்தது இல்ல. உங்கம்மா அவங்க மாமியார்கிட்ட ஏச்சு வாங்கிக் கத்துக்கிட்டது. அதைத் தெய்வீகம்னு சொல்லிட்டா நாம கத்துக்க வேண்டியதில்ல பாருங்க.

இன்னொண்ணு சொல்லணும். எந்தப் புத்தகத்துலயும் ஏறாத சமையல் ஒண்ணு இந்த டெல்டாவுல இருக்கு. நடவுக்கும் களை எடுக்கவும் வந்த பெண்கள் வேலை முடிஞ்சு போறப்ப மடி நிறையப் பறிச்சுக்கிட்டுப் போன கீரைங்க. வயல்ல ஆரை, வரப்புல பொன்னாங்கண்ணி, குப்பைமேட்டுல குப்பைக்கீரை, இன்னும் பேரு சொல்லத் தெரிஞ்சவங்க குறைஞ்சுக்கிட்டே வர்ற எத்தனையோ. எதை எதோட கலக்கலாம், எது தனியா வேகணும், எதுல பூ வந்தா பறிக்கக் கூடாதுன்னு அவங்களுக்கு ஒரு கணக்கு உண்டு. அதை யாரும் 'பாரம்பரிய உணவு'ன்னு மேடை போட்டுப் பாராட்டல. ஏழை வீட்டுக் கீரைன்னு ஒதுக்கினோம். இப்ப ஆள் கிடைக்காம வயலுக்குக் களைக்கொல்லி அடிக்கறோம். நெல்லைத் தவிர எல்லாமே களைன்னு ஆனதும் ஆரையும் போகுது. அந்தப் பாட்டிங்களுக்கு இப்ப எழுபது எண்பது வயசு. கீரையும் அதைச் சமைக்கத் தெரிஞ்ச கையும் ஒரே சமயத்துல போயிக்கிட்டு இருக்கு. முதல்ல அழியப் போறது இதுதான்.

"அப்ப பொம்பளைங்க மறுபடி அடுப்படிக்குப் போகணுமா?"ன்னு சண்டைக்கு வருவீங்க. நல்ல கேள்வி. நான் பொம்பளைங்களைச் சொல்லவே இல்லியே. எங்க ஊர்ப் பக்கம் கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்குச் சமைக்கறதுல ஆம்பளைங்கதான் அதிகம். காசுன்னா கரண்டி பிடிக்கத் தெரியற ஆம்பளைக்கு வீட்டுல மட்டும் ஏன் கை வராது? பையன்களா, நீங்க போய் அத்தை பக்கத்துல நில்லுங்க. பெரியவங்ககிட்ட இருக்கறது எல்லாமே நல்லதுன்னும் நான் சொல்லல. யாரு அடுப்படிக்குள்ள வரலாம், யாருக்குத் தனித் தம்ளர்ங்கற அநியாயமும் அதே வீடுகள்ல, அதே அடுப்படியிலதான் இருந்துது. பிட்லையை வாங்கிக்குங்க, அதை அங்கயே விட்டுடுங்க.

நேரம் இல்லன்னு மட்டும் சொல்லாதீங்க. மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போதும். உங்க அம்மாவோ, பெரியம்மாவோ, பக்கத்து வீட்டுப் பாட்டியோ, யாரா இருந்தாலும் சரி, அவங்களைக் காய்கறிக் கடைக்குக் கூட்டிட்டுப் போங்க. அவங்க எதை எடுக்கறாங்க, எதை ஒடிச்சுப் பார்த்துட்டு வெக்கறாங்கன்னு பாருங்க. பாதிச் சமையல் அங்கயே முடிஞ்சுடும். வீட்டுக்கு வந்ததும் அவங்களை நாற்காலியில உக்கார வெச்சுட்டு நீங்க அடுப்பு முன்னால நில்லுங்க. அவங்க செய்ய நீங்க போன்ல படம் பிடிச்சா அவங்களுக்குத்தான் இன்னொரு தடவை பழக்கம் ஆகும். மறு வாரம் அதையே அவங்க இல்லாம ஒரு தடவை பண்ணுங்க. மூணு வாரம் வந்தா அது உங்களுது.

ஒரு வருஷத்துல பன்னிரண்டு காய். கொத்தவரை உசிலி, பாகற்காய் பிட்லை, வாழைத்தண்டு மோர்க்கூட்டு, கருணை மசியல், பீர்க்கங்காய்த் தோல் துவையல்னு பன்னிரண்டு காய் பழகின நூறு வீடு ஒரு நகரத்துல இருந்தா, அந்த நூறு வீட்டுக்காக இங்க ஒருத்தன் தைரியமாப் பாத்தி கட்டுவான். மானியமோ விருதோ வேணாம். திரும்ப வாங்க வர்ற ஆள் வேணும், அவ்வளவுதான்.

தம்பட்டை அவரை விதை என்கிட்ட இன்னும் கொஞ்சம் இருக்கு. முதல்ல உங்க பெரியம்மாவுக்குப் போன் பண்ணி அதை எப்படிச் சமைப்பாங்கன்னு கேளுங்க. அப்புறம் எனக்குப் பண்ணுங்க, எத்தனை பாத்தி போடலாம்னு பேசுவோம்.